உருளவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்



பள்ளி விடுமுறை வந்தால் பாடக்குறிப்பு, பயிற்றுத் துணைப்பொருள், மாணவர் வாசிப்பு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுவது என் வழக்கம். இம்முறை விடுமுறையின் ஒரு வாரத்தை எங்கள் ஆலயத்து ரதத்தின் அடியில் கழித்தேன். கைமுட்டிவரை கிரீஸ் அப்பிக்கொண்டு, 78 வயதான என் தந்தையாரிடம் பாடம் கேட்டேன். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் மலாக்கா மாநிலம் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாரியம்மனும் எங்களோடு பட்டணத்துக்கு வந்துவிட்டாள். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழா இரவில், அம்மன் தன் பழைய இருப்பிடத்துக்கு ரதத்தில் சென்று திரும்புவது வழக்கம். ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குச் செல்லும் வெள்ளி ரதத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கள் ரதம் சிறு பிள்ளை விளையாட்டாகத் தோன்றக்கூடும். எங்களுக்கோ அது பிறந்த மண்ணுக்குத் திரும்பும் ஒரே வழி.

அந்த ரதத்தின் மேற்பாகம் மரத்தாலான மண்டபம். அடிப்பாகமோ ஒரு காலத்தில் தோட்டத்து டிராக்டர் இழுத்துச் சென்ற இரண்டு சக்கர டிரெய்லர். ஆண்டுதோறும் மண்டபத்துக்கு வண்ணம் பூசினோம். விளக்குகளைக் கூட்டினோம். அடியில் குனிந்து பார்த்தவர் எவருமில்லை.

கடந்த ஆண்டு நடந்தது

கடந்த ஆண்டுத் திருவிழா முடிந்து திரும்பும்போது நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ரதத்தை ஒரு நான்கு சக்கர இயக்க வாகனம் இழுத்து வந்தது. செம்பனைக் காட்டின் நடுவே ஓர் இறக்கம் உண்டு. அந்த இறக்கத்தில் ரதம் பின்னாலிருந்து வாகனத்தைத் தள்ளத் தொடங்கியது. ஓட்டுநர் பிரேக்கை முழுதாக மிதித்தும் வேகம் குறைய நெடுநேரம் பிடித்தது. ரதத்தின் மேல் பத்துப் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் எட்டுப் பேர் என் மாணவர்கள். ஒருவன் என் மகன்.

சமதரைக்கு வந்ததும் கருகிய வாடை அடித்தது. இறங்கிப் பார்த்தபோது இடப்பக்கச் சக்கரம் சற்றுச் சாய்ந்திருந்தது. என் தந்தையார் சக்கரத்தின் நடுவே புறங்கையைக் கொண்டுபோய், தொடாமலேயே இழுத்துக்கொண்டார். அவ்வளவு வெப்பம். மறுநாள் கழற்றியபோது பேரிங்கின் கூடு துண்டுதுண்டாக உதிர்ந்தது. உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தால் சக்கரம் கழன்றிருக்கும்.

"அம்மன் காப்பாற்றினாள்" என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

விளக்கா, பிரேக்கா?

இவ்வாண்டு ரதத்துக்கென நன்கொடையாகச் சேர்ந்த தொகை 5,000 ரிங்கிட். ஆலயத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். எல்இடி விளக்குகளும் கண்ணாடியிழை மயில்கள் இரண்டும் வாங்குவது என்று கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உடைந்த பேரிங்குக்குப் பதில் வேறொன்றைப் போட்டாயிற்று, இனி என்ன என்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும் மயில்களுக்குத்தான் தலையாட்டினேன். நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்க்கும்போது கண்ணுக்கு ஏதாவது தெரிய வேண்டுமே என்ற கவலை எனக்கு.

குழுவில் உறுப்பினராக இல்லாத அப்பா, கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"லைட்டு எரியலன்னா சாமி இருட்டுலயே போவும். பிரேக்கு இல்லன்னா எங்க போவும்னு யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

தலைவர் அவரை மாமா என்று அழைப்பவர். "மாமா, இத்தனை வருசம் பிரேக் இல்லாமத்தான ஓடுச்சு?" என்று மரியாதையோடு கேட்டார்.

"ஓடுச்சு தம்பி. நிக்கணும்னு வந்தப்பதான் நிக்கல."

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. என்னைப் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, முதலில் பட்டறையில் விலை கேட்போம், அதுவரை விளக்கு வாங்குவதை நிறுத்திவைப்போம் என்றேன். முணுமுணுப்புகளோடு ஒப்புக்கொண்டார்கள்.

பட்டறையில்

எங்கள் பட்டணத்தின் ஓரத்தில் சீனர் ஒருவரின் பட்டறை உண்டு. அவரும் அப்பாவும் நாற்பது ஆண்டுப் பழக்கம். இருவரும் பேசிக்கொள்வது மலாய் மொழியில். ரதத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி, வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்த சவர்க்காரம்போல் கெட்டிப்பட்டிருந்தது. அதன் நடுவே துருவும் நீரும். ஆண்டு முழுதும் மழையில் நின்று, ஓரிரவு மட்டும் ஓடும் வண்டி அது. ஓட்டத்தால் தேய்ந்ததைவிட, நின்று கெட்டதே அதிகம் என்று பட்டறைக்காரர் விளக்கினார்.

பழைய அச்சில் பிரேக் தட்டைப் பொருத்த இடமில்லை. ஆகவே டிரம் பிரேக்கோடு கூடிய வேறு அச்சு, அதற்கேற்ற இணைப்பு, கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரிங்கிட் ஆகும் என்றார். நான் எச்சில் விழுங்கினேன். குழுவினரிடம் தொலைபேசியில் பேசினேன். பத்துப் பிள்ளைகள் மேலே அமர்ந்திருந்ததை மட்டும் நினைவூட்டினேன். வேறு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மயிலிறகை ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்னும் குறளைப் பல்லாண்டுகளாக வகுப்பில் விளக்கி வந்திருக்கிறேன். கரும்பலகையில் வண்டிப் படமும் வரைந்திருக்கிறேன். அச்சின் முனையில் என்ன இருக்கிறது, சக்கரம் எதன்மேல் சுழல்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மாட்டுவண்டிக் காலத்தில் நம் முன்னோர் வைக்கோலைக் கருக்கி, எண்ணெயில் குழைத்து, வண்டிமை செய்தார்கள். மரமும் இரும்பும் நேருக்கு நேர் உரசிய இடத்தில் அதைத் தடவினார்கள். இன்றைய சக்கரத்தில் உரசுவதற்குப் பதிலாக உருளைகள் உருள்கின்றன. ஒரு சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள். உருளைகள் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் கூம்பு வடிவில் இருக்கும். மேலிருந்து வரும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்குவதற்கே அவ்வடிவம். அமெரிக்காவில் இதற்கு 1898-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவரான ஹென்றி டிம்கென், குதிரைவண்டி செய்து பிழைத்தவர். வண்டிக்காரர் ஒருவரின் கவலையிலிருந்து பிறந்த பொருள் என்பதைப் பிறகு படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

புதிய பேரிங்குகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியே வரும். அந்த எண்ணெய் ஓட்டத்துக்குப் போதாது. பட்டறைப் பையன் விரலால் கிரீஸைத் தடவிப் பொருத்தப் போனான். அப்பா தடுத்தார்.

"பாப்பா, இங்க வா. கையக் கழுவிட்டு வா."

கிரீஸில் கைவைக்கும் முன்பு ஏன் கை கழுவ வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணல் போதும், உள்ளே போனால் அரம்போல் அராவும் என்றார். பிறகு என் இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸை வைத்தார். பேரிங்கின் அகன்ற பக்கத்தை உள்ளங்கையின் ஓரத்தில் வைத்து அழுத்தி இழுக்கச் சொன்னார். அழுத்த அழுத்த, கிரீஸ் உருளைகளின் இடுக்கில் புகுந்து மறுபக்கத்தில் புழுப்போல் நெளிந்து வெளிவந்தது. அப்படி வெளிவந்தால்தான் உள்ளே நிறைந்ததாகப் பொருள். சிறிது திருப்பி, மீண்டும் அழுத்தி, ஒரு முழுச் சுற்று. வெளியே பூசியது பார்வைக்குத்தான், உள்ளே ஏறியதுதான் ஓட்டத்துக்கு என்றார்.

பெரியம்மாவின் கால்

மூன்றாவது பேரிங்கை நான் அழுத்திக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று கேட்டார்: "உன் பெரியம்மா காலு ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியுமா?"

என் தாயாரின் அக்காள் இடக்காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். மழையில் வழுக்கி விழுந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

1979-ஆம் ஆண்டின் இறுதி மழைக்காலம். அப்பா அப்போது தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். பால் நிறுத்து முடிந்தபின், மரம் வெட்டும் பெண்களை டிரெய்லரில் ஏற்றி லயத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. டிராக்டருக்குப் பிரேக் உண்டு, டிரெய்லருக்கு இல்லை. ஒரு சக்கரம் ஆடுகிறது, டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும், நிற்கும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஈரமான செம்மண் இறக்கம். கீழே ஒரு வளைவு. அப்பா பிரேக் பிடித்தார். டிராக்டர் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்த பாரம் நிற்கவில்லை. நேர்சாலையாக இருந்திருந்தால் முன்னோக்கித் தள்ளியிருக்கும். வளைவில் திரும்பிக்கொண்டிருந்ததால், டிராக்டரின் பின்பக்கத்தை ஒதுக்கித் தள்ளியது. முழங்கை மடங்குவதுபோல் இரண்டும் மடங்கின. டிரெய்லர் கானுக்குள் சாய்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். பெரியம்மாவின் கால் பக்கப் பலகைக்கு அடியில் சிக்கியது.

ஈரச் சாலையில் ஓட்டுநர் வேகமாக வந்தார் என்று எழுதிவைத்தார்கள். சில மாதங்கள் அப்பாவைப் புல் வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். அவர் சொன்ன இரண்டு முறையும் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

"பெரியம்மா உங்களை ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. வருசா வருசம் தீவாளிக்கு மொத முறுக்க எனக்குத்தான் கொண்டாந்து குடுத்தா." சற்று நேரம் நட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்த திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பெரியம்மா 2011-இல் காலமானார். அன்று கூட்டத்தில் அப்பா என்னை ஏன் பார்த்தார் என்பதை நான் அந்தப் பட்டறையில்தான் உணர்ந்தேன். இரண்டு முறை சொல்லியும் கேட்கப்படாதவர், மூன்றாம் முறையாகச் சொல்லியிருக்கிறார். கணக்குப் புத்தகம் என் கையில் இருந்தது.

நிறுத்தும் வழி

டிரெய்லர் பிரேக்கில் பலவகை உண்டு. மின்காந்தத்தால் இயங்குவது ஒருவகை. அதற்கு இழுக்கும் வாகனத்தில் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். எங்கள் ரதத்தை ஆண்டுக்கு ஒருவர் தம் வாகனத்தால் இழுக்கிறார். எனவே, இழுக்கும் வாகனம் எதுவானாலும் தானே இயங்கும் வகையைத் தேர்ந்தோம். முன்வாகனம் வேகம் குறைந்ததும் ரதம் தன் பாரத்தால் அதை நெருங்கும். அந்த நெருக்குதலை இணைப்பிலுள்ள நகரும் தண்டு ஏற்று, பிரேக் எண்ணெயை அழுத்தும். எண்ணெயின் அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்குச் சென்று, டிரம்முக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளை விரித்துப் பிடிக்கச் செய்யும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். 1979-இல் எந்தத் தள்ளுதல் டிராக்டரை மடக்கியதோ, அதே தள்ளுதல் இன்று ரதத்தை நிறுத்துகிறது.

இணைப்பு அறுந்தால் கைப்பிரேக்கைத் தானாக இழுத்துவிடும் கம்பிக்கயிறு ஒன்றும் பொருத்தினோம். ஆலயத்தை நெருங்கியதும் பக்தர்கள் வடம்பிடித்து இழுப்பார்கள். அப்போது முன்னால் வாகனம் இல்லாததால் தானியங்கிப் பிரேக் வேலை செய்யாது. அதற்குக் கைப்பிரேக்கும் முட்டுக்கட்டையும்தான் துணை.

முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் இன்று தடை என்னும் பொருளில் இகழ்ச்சியாகவே வழங்குகிறோம். தேரோட்டத்தில் அது உயிர்காக்கும் கருவி. ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். அதன் பின்னரும் அத்தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தோடு நடக்கிறார்கள். புதியதும் பழையதும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை.

ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. வழுக்க வேண்டிய பேரிங்கும் பற்ற வேண்டிய பிரேக்கும் ஒரே சக்கரத்தின் நடுவில், கையளவு தொலைவில் இருக்கின்றன. கிரீஸ் பிரேக்கின் பக்கம் கசிந்தால் பிடிப்பு போய்விடும். இரண்டையும் பிரித்து வைப்பது மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று. அதன் விலை சில ரிங்கிட்தான். அளவுக்கு மீறிக் கிரீஸை அடைத்தால் அந்த வளையம் பிதுங்கிவிடும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

நினைவில் கொள்ளத்தக்கவை

ரதம், காவடி வண்டி, முகாமுக்குக் கொண்டுசெல்லும் சிறு டிரெய்லர், எதுவாயினும் கீழ்க்காண்பவை பொருந்தும்.

1. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மிகுதியாக ஆடினாலும், சுற்றும்போது கரகரத்தாலும் உடனே கழற்றுங்கள். வாகனத்தின் அடியில் வேலை செய்யுமுன் உறுதியான முட்டுக்கொடுங்கள். தூக்குக்கருவியை மட்டும் நம்பாதீர்கள்.

2. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் இடுங்கள். வெள்ளத்தில் சக்கரம் மூழ்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

3. பழைய கிரீஸின்மேல் வேறுவகைக் கிரீஸைச் சேர்க்காதீர்கள். சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே புதியது.

4. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்பு தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் இறுக்கி, பூட்டு ஊசியைச் செருக வேண்டும். அந்த ஊசிதான் இக்காலத்துக் கடையாணி. பழையதை நிமிர்த்திப் போடாமல் புதியதே போடுங்கள்.

5. ரப்பர் வளையத்தைக் கழற்றும்போதெல்லாம் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம்.

6. பிள்ளைகளை டிரெய்லரின் மேல் ஏற்றாதீர்கள். பிரேக் இருந்தாலும் ஏற்றாதீர்கள். இதை நாங்கள் இவ்வாண்டுதான் விதியாக எழுதினோம்.

திருவிழா இரவு

மீதமிருந்த 800 ரிங்கிட்டில் பழைய விளக்குகளைப் பழுதுபார்த்தோம். மயில்கள் இல்லை. "என்ன, இந்த வருசம் ரதத்துல ஒன்னும் புதுசா செய்யலையா?" என்று ஒரு நன்கொடையாளர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். குனிந்து பார்க்கச் சொன்னேன். வேட்டி அழுக்காகும் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐந்து கிலோமீட்டர் சென்றதும் அப்பா ரதத்தை நிறுத்தச் சொன்னார். மேளம் ஓய்ந்தது. கைவிளக்கோடு இறங்கி, இடப்பக்கச் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தார். எடுக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். வெதுவெதுப்பாக, காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றிபோல் இருந்தது. வலப்பக்கமும் அப்படியே.

அந்த இறக்கத்தில் ரதம் வாகனத்தின் பின்னால் அமைதியாக இறங்கி, வளைவில் திரும்பி, கீழே நின்றது. பிள்ளைகள் எல்லாரும் பின்னால் வந்த பேருந்தில் இருந்தார்கள். அப்பா ரதத்தோடு நடந்தே இறங்கினார், வயதைச் சொல்லித் தடுத்தும் கேட்கவில்லை. கையில் ஒரு முட்டுக்கட்டையை வைத்திருந்தார். அதைப் போட வேண்டிய தேவை ஏற்படவில்லை.

அடுத்த தவணையில் அறிவியல் பாடத்தில் உராய்வு வரும்போது, கழற்றிய பழைய பேரிங்கையும் புதியதொன்றையும் வகுப்புக்குக் கொண்டுசெல்ல எண்ணியிருக்கிறேன். பாடம் நடத்த அப்பாவையும் அழைத்திருக்கிறேன். "நான் என்னத்த பாப்பா சொல்லிக் குடுக்கப்போறேன்" என்கிறார். ஆனால் நேற்று அந்தப் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.